சளியும் செவியும்

கரியாஹாட் சந்திப்பில் பேருந்து நடத்துநரின் கூவலும், நடைபாதை வணிகரின் குரலும் ஓய்வதில்லை. அங்கே அம்மா அழைத்தது காதில் விழவில்லை என்றால் எவரும் வியப்படையார். ஆனால், அமைதியான வகுப்பறையில் ஆசிரியர் 'தட்டு' என்று சொல்ல, மாணவி 'பட்டு' என்று எழுதினால்? வங்காளம், இந்தி, ஆங்கிலம், தமிழ் என நான்கு மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளை தடுமாறுவது இயல்பே என்று எண்ணிவிடுகிறோம். நானும் ஒரு மாணவியைக் கவனம் போதாது என்று கடிந்துகொண்டேன். குறை அவளுடைய கவனத்தில் இல்லை, நடுச்செவியில் இருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

புறச்செவி வழியே வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அவ்வதிர்வை நடுச்செவியிலுள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. (அங்கவடி என்பது குதிரையில் ஏறுவோர் கால் வைக்கும் வளையம். அவ்வடிவிலுள்ள இவ்வெலும்பே நம் உடலில் மிகச் சிறியது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.) இவை நன்கு அசைவதற்கு நடுச்செவியில் காற்று இருத்தல் வேண்டும். மூக்கின் பின்புறத்திலிருந்து அக்காற்றைக் கொண்டு சேர்ப்பது யுஸ்டேஷியன் குழல். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கிறது.

குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும், குறுகலாகவும், ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் இருக்கும். எனவே, சளி பிடித்தால் எளிதில் அடைபடுகிறது. கிருமிகளும் நடுச்செவியை எளிதில் அடைகின்றன. காது வலிக்கும், காய்ச்சல் வரும், சிலருக்குச் செவிப்பறையில் துளை விழுந்து சீழ் வடியும். வலி இருந்தால் வீட்டார் மருத்துவரிடம் அழைத்துச் செல்வர். வலி தீர்ந்த பின்னும் நடுச்செவியில் நீர் தேங்கி நிற்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அந்நீர் பசைபோல் கெட்டிப்படுவதும் உண்டு. அப்போது சிற்றெலும்புகள் தடையின்றி அசைய இயலாது.

உங்கள் காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு நண்பரைப் பேசச் சொல்லுங்கள். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் ஓரளவு கேட்கும்; க், ச், த், ப் போன்ற மெல்லிய ஓசையுடையவை நழுவிவிடும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும். நீர் தேங்கிய செவியோடு மொழி பயிலும் குழந்தையின் நிலை ஏறத்தாழ இதுவே.

பெரும்பாலோர்க்கு இந்நீர் 3 மாதங்களுக்குள் தானே வடிந்துவிடும். வடியாவிடில் கேட்டல் சோதனை செய்வர்; தேவையாயின் செவிப்பறையில் நுண்ணிய குழாய் பொருத்துவர். சீழ் அடிக்கடி வடிவதைப் பொருட்படுத்தாமல் விட்டால் சிற்றெலும்புகள் அரிக்கப்பட்டு, கேட்கும் திறன் நிலையாகக் குறையவும் கூடும். காய்ச்சிய எண்ணெயோ கொண்டை ஊசியோ இதற்கு மருந்தாகா. நம் நகரின் பன்ஹூக்லியில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் உள்ளது. கேட்டல் சோதனைகள் அங்கே செய்யப்படுகின்றன.

தொலைக்காட்சியின் ஒலியை மிகுதியாக வைத்தல், 'என்ன, என்ன?' என்று மீண்டும் மீண்டும் கேட்டல், பேசுவோரின் வாயையே உற்றுநோக்கல் ஆகியவை இக்குறையின் அடையாளங்கள். உங்களுக்கோ தம்பி தங்கையருக்கோ இவை இருந்தால் வீட்டில் சொல்லத் தயங்காதீர்கள்.

அம்மாணவியை முதல் வரிசையில் அமர்த்தினோம். சிகிச்சை முடிந்து வந்த அன்று அவள் மேலே நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், இந்த மின்விசிறி எப்போதுமே இவ்வளவு சத்தம் போடுமா?" என்று கேட்டாள்.