பழைய வண்டியின் பெட்ரோல் கணக்கு

இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. 1911ஆம் ஆண்டு மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், அந்த நெருக்கடியின்போது கரிவாயுவால் வண்டிகளை ஓட்டும் கருவியை உருவாக்கி வழங்கினார். கரியை எரிக்கும்போது காற்றை அளவோடு செலுத்தினால், கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு கிடைக்கும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதன் ஆற்றல் குறைவே. ஆயினும் சக்கரங்கள் சுழல அது போதுமானதாக இருந்தது.

இன்று பெட்ரோல் கிடைக்காமல் இல்லை. விலைதான் சுமையாக இருக்கிறது. அந்தச் சுமையை மிகுதியாக உணர்வோர் பழைய சிறு மகிழுந்துகளை வைத்திருக்கும் குடும்பத்தினர். மதுரையின் வெளி வீதிகளிலும், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிச் சாலைகளிலும் மாருதி 800 வண்டிகளை இன்றும் காணலாம். 1983 டிசம்பரில் அறிமுகமான இவ்வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின், ஏறத்தாழ 650 கிலோகிராம் எடை, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் ஆகியன இதன் அடிப்படை அமைப்பு. முந்தைய வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் இருந்தது. பிந்தையவற்றில் உணரிகளின் கணக்குப்படி பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு வந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குப் பொருந்தும் அறிவுரை மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகும் இடங்கள் உண்டு.

‘என் வண்டி இருபது கொடுக்கும்’ என்று சொல்வோரைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை வராது. அளக்கும் முறை எளியது. கலத்தை முழுவதும் நிரப்பி, ஓடிய தூரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில நாள்கள் வழக்கம்போல் ஓட்டிய பின், அதே நிலையத்தில், அதே அளவுக்கு மீண்டும் நிரப்ப வேண்டும். இடையில் ஓடிய தூரம் 288 கிலோமீட்டர், நிரப்பிய பெட்ரோல் 18 லிட்டர் எனில், லிட்டருக்கு 16 கிலோமீட்டர். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் அந்த எண்ணை நம்பலாம். மருத்துவருக்கு நாடி எப்படியோ, பழைய வண்டிக்கு இந்த எண் அப்படி. ஓராண்டில் 18 என்பது 17 ஆகக் குறைந்தால் அது தேய்மானமாகவோ ஓட்டும் பழக்கமாகவோ இருக்கலாம். ஒரே வாரத்தில் 18 என்பது 14 ஆக இறங்கினால், பழுது ஒன்று புகுந்துவிட்டது என்று பொருள்.

முதலில் பழக்கத்தைப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 900 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நீங்கள் இயற்பியலில் படித்த இயக்க ஆற்றல் வாய்பாட்டின்படி, அதன் ஆற்றல் ஏறத்தாழ 87 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சியது வெப்பமாகப் போய்விடுகிறது. அப்படியானால், நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 13 அல்லது 14 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகிறது. பிரேக்கை அழுத்தும் நொடியில் அவ்வளவும் பிரேக்கின் சூடாக மாறிக் காற்றில் கலக்கிறது. வேகம் 30 கிலோமீட்டராக மட்டும் இருந்திருந்தால் இழப்பு 5 மில்லிலிட்டரோடு நின்றிருக்கும்.

காளவாசலிலிருந்து கோரிப்பாளையம் வழியாக மாட்டுத்தாவணி செல்பவர் எத்தனை முறை நின்று கிளம்புகிறார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு சந்திப்புகளுக்கு இடையே சீறிப் பாய்ந்து, அடுத்த சிவப்பு விளக்கில் சட்டென நிற்பவருக்கும், விளக்கைத் தொலைவிலேயே கண்டு காலைத் தளர்த்திக்கொள்பவருக்கும் சென்று சேரும் நேரத்தில் பெரிய வேறுபாடு இராது, பெட்ரோலில் இருக்கும். நகரத்தில் சிக்கனம் என்பது பெரும்பாலும் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும் முன்நோக்குதான். சிவப்பு விளக்கு நீண்ட நேரம் எரியும் இடங்களில் எஞ்சினை அணைப்பதும் பயன் தரும். பேட்டரி நலிந்திருக்கும் வண்டியில் மட்டும் இதை முயலாதிருப்பது நல்லது. கோரிப்பாளையத்தின் நடுவே கிளம்ப மறுக்கும் வண்டியால் எவருக்கும் சிக்கனம் விளையாது.

நகரத்தைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. திருமங்கலத்துக்கு அப்பால் விருதுநகரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை சமவெளியில் நீண்டு கிடக்கிறது. அங்கே பகை, காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மாறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றின் தடையோ ஏறத்தாழ 78 விழுக்காடு கூடிவிடுகிறது. மைய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைப் பரிந்துரைப்பது இதனால்தான். நெடுஞ்சாலையில் அவ்வேகத்தில் செல்வோர் இடப்புறத் தடத்திலேயே செல்ல வேண்டும். உயர்ந்த கியரில், எஞ்சின் மெல்லச் சுழலும் நிலையில் ஓட்டுவது சிக்கனம். ஆனால், வண்டி உதறித் திணறும் அளவுக்கு வேகம் குறைந்தும் நான்காம் கியரிலேயே இருப்பது சிக்கனம் அன்று; அது எஞ்சினை வதைப்பதாகும்.

சிக்கனம் என்ற பெயரில் உயிரோடு விளையாடும் பழக்கம் ஒன்றும் உண்டு. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, சிலர் எஞ்சினையும் அணைத்துவிட்டு, வண்டியைத் தானாக உருளவிடுகிறார்கள். கியரில் இருக்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. அந்தப் பிடி விலகினால் முழுச் சுமையும் பிரேக்குகளின் மேல் விழுகிறது. அவை சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துவிடும். சாவியை முழுவதும் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். இதில் மிச்சமாவதும் ஒன்றுமில்லை என்பதுதான் வேடிக்கை. தெளிப்பு அமைப்புள்ள வண்டியில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் தெளிப்பு நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான், எஞ்சின் அணையாதிருக்க அது பெட்ரோலைத் தெளிக்க வேண்டியிருக்கிறது.

இனிப் பழுதுகள். மைலேஜ் திடீரெனக் குறைந்தால் பலரும் உடனே கார்புரேட்டரைத் திருகச் சொல்கிறார்கள். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து பார்ப்பதே முறை. டயர்க் காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். மதுரை வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடியிருப்பதால், குறைந்த காற்றும் சரியாக இருப்பதுபோல் தோற்றம் தரும். பிறகு சமதளத்தில் நியூட்ரலில் வைத்துக் கையால் தள்ளிப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள மாருதி 800 ஒருவர் தள்ளினாலே நகரும். நகர மறுத்தால் பிரேக் பற்றிக்கொண்டிருக்கக்கூடும். சிறிது தூரம் ஓட்டிய பின் ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால் ஐயமே இல்லை.

அடுத்தது காற்று வடிகட்டி. சமவெளியின் புழுதி அதில் விரைவாக அடைந்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டியில் வடிகட்டி அடைத்தால் காற்று குறைந்து, கலவையில் பெட்ரோல் மிகும், கரும்புகை வரும். தெளிப்பு அமைப்போ காற்றின் அளவுக்கேற்பப் பெட்ரோலையும் குறைத்துக்கொள்வதால், அங்கே இழுவைதான் முதலில் குறையும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே எஞ்சினுக்குள் நடப்பது ஓரளவு தெரிந்துவிடும். அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிகிறது. புகையும் நீலமாக இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் இரைகிறது, வண்டியோ விரையவில்லை எனில், கிளட்ச் நழுவுகிறது.

வெப்ப நாடுகளின் பட்டறைகளில் ஊறிப்போன வழக்கம் ஒன்றைத் தனியே குறிப்பிட வேண்டும். எஞ்சின் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் நீர் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டை எட்டும்வரை அதை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுக்கும் சிறு வால்வு அது. ‘நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?’ என்பது அவர்கள் வாதம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அது நியாயமாகவே தோன்றும். ஆனால், எஞ்சினுக்குத் தேவையான சூட்டை நோக்க 40 டிகிரி என்பது குளிர்தான். வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை மெதுவாகவே எட்டும். ‘இன்னும் குளிர்ந்திருக்கிறது’ என்று உணரி தெரிவிப்பதால் தெளிப்பு அமைப்பு கூடுதல் பெட்ரோலைத் தரும். எஞ்சினின் உட்பகுதிகளும் விரைவில் தேயும். சூடேறியதற்குக் காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ சுழலாத மின்விசிறியாகவோ இருக்க, தண்டனை தெர்மோஸ்டாட்டுக்குக் கிடைக்கிறது.

கார்புரேட்டர் வண்டி கடும் வெயிலில் நின்று, பிறகு கிளம்ப மறுத்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியடைத்திருக்கலாம். எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினால் ஆவி மீண்டும் நீர்மமாகும். முதிய ஓட்டுநர்கள் அறிந்திருந்த இந்தக் கைவைத்தியத்தில் பிழையில்லை. பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கப்படும் கருவிகளைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது.

அண்மையில் இன்னொரு மாற்றம் வந்துள்ளது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் இந்தியாவில் படிப்படியாக விற்பனைக்கு வந்து பரவலாகிவிட்டது. எத்தனாலின் ஆற்றல், அதே அளவு பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே. எனவே, இக்கலவையில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் குறைவு. 16 கிலோமீட்டர் தந்த வண்டி 15 தந்தால், பழுதைத் தேடுமுன் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் அதைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே, கலத்திலிருந்து எஞ்சின்வரை செல்லும் குழாய்களில் வெடிப்பும் உப்பலும் உள்ளனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அது மைலேஜ் பற்றிய கேள்வி அன்று. தீ பற்றிய எச்சரிக்கை. ஓடும்போது வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, அனைவரையும் இறக்கிவிட வேண்டும். நிற்கும் வண்டியானால் சாவியைத் திருப்பவே கூடாது. மெக்கானிக்கை அங்கேயே வரவழைப்பதே முறை. குழாயை மாற்றும்போது எத்தனாலைத் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்கி, அதன் இரு முனைகளிலுள்ள கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றச் சொல்ல வேண்டும்.