படர்தாமரையும் பாதி மருந்தும்

வடநாட்டு இரயில் பாதையோரச் சுவர்களில் 'தாத், காஜ், குஜ்லி' என்னும் மூன்று சொற்களைக் கண்டிராத தமிழர் நம்மில் அரியர். ஊர்விட்டு வந்த புதிதில் அவற்றின் பொருள் நமக்கு விளங்குவதில்லை. 'தாத்' என்பது நமது படர்தாமரையே. மற்ற இரண்டும் சொறியையும் அரிப்பையும் குறிப்பன. மராத்தியர் படர்தாமரையைக் 'கஜகர்ண' என்பர். ஊருக்கு ஊர் பெயர் மாறினும் நோய் ஒன்றே. அதனைத் தீர்க்கும் மருந்துகளும் இன்று எவ்வூரிலும் கிடைக்கின்றன. அங்ஙனமிருந்தும், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அதனோடு போராடுவோர் நம்மிடையே பலர் இருப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

ஆங்கிலத்தில் இந்நோய்க்கு 'ரிங்வார்ம்', அதாவது வளையப் புழு என்று பெயர். ஆயினும் புழுவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மழைக்காலத்தில் தோற்செருப்பின் மீதும், பழைய ரொட்டியின் மீதும் படர்கிறதே பூசணம், அவ்வினத்தைச் சேர்ந்த நுண்ணுயிரே இந்நோயின் காரணம். ட்ரைக்கோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டான் என அதில் மூன்று பேரினங்கள் உண்டு. நமது தோலின் மேற்படலத்திலும், மயிரிலும், நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் பொருளே அவற்றுக்கு உணவு. வெப்பமும் ஈரமும் அவற்றுக்கு உற்ற துணை. ஆதலால்தான் தொடையிடுக்கிலும், அக்குளிலும், பாவாடை நாடா அழுத்தும் இடுப்பிலும் நோய் முதலில் தலைகாட்டுகிறது. கால்விரல் இடுக்கில் தோன்றினால் அதனைச் சேற்றுப்புண் என்கிறோம்.

படர்தாமரை என்ற பெயரிலேயே நம் முன்னோர் ஒரு பாடத்தை வைத்துச் சென்றிருக்கின்றனர். தாமரை இலைபோல் அது வட்டமாகப் படர்கிறது. நடுப்பகுதி ஆறியதுபோல் தோன்றும்போது விளிம்பு சிவந்து, செதிலுதிர்ந்து, வெளிநோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். நோயின் உயிர் விளிம்பில் இருக்கிறது. எனவே மருந்தை நடுவில் மட்டும் தடவுதல் பயன் தராது. விளிம்புக்கு அப்பால் இரண்டு விரற்கடை அளவு நல்ல தோலின் மீதும் தடவுதல் வேண்டும்.

எந்த மருந்து என்பது அடுத்த வினா. பூசணத்தின் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளால் உறுதி பெறுகிறது. மனித உடலின் உயிரணுக்களில் அப்பொருள் இல்லை. அவற்றில் இருப்பது கொலஸ்டெரால். குளோட்ரிமசோல், கீட்டோகொனசோல், லுலிகனசோல் முதலிய களிம்புகளும், டெர்பினஃபைன் என்ற மருந்தும் எர்கோஸ்டெரால் உண்டாகும் வழியை வெவ்வேறு இடங்களில் அடைத்துவிடுகின்றன. பூசணம் நலிகிறது, நமது தோல் தப்புகிறது. இவ்வளவு நுட்பமான மருந்தும் நாள்தோறும் ஒழுங்காக இட்டால்தான் வேலை செய்யும். குளோட்ரிமசோல் களிம்பை நாளைக்கு இருமுறை இடுவது வழக்கம். சிறிய படைக்கும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை சிகிச்சை தேவைப்படும். தோல் தெளிந்த பின்னரும் மேலும் ஓரிரு வாரம் தொடர வேண்டும். நான்கு நாளில் அரிப்பு நின்றதும் குழாயை மூடி வைத்துவிடுகிறோம் அல்லவா? அங்கேதான் முதற்பிழை செய்கிறோம். அரிப்பு அடங்குவது வேறு. நோய் அடங்குவது வேறு.

இரண்டாவது பிழை இதனினும் கொடியது. மொழி தெரியாத ஊரில் மருந்துக்கடைக்குச் சென்று, அரிக்கும் இடத்தைச் சைகையால் காட்டி, கடைக்காரர் தரும் குழாயை வாங்கி வருகிறோம். அக்குழாயில் பூசணக் கொல்லியோடு பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்றும், சில வேளைகளில் வேறொரு நுண்ணுயிர்க் கொல்லியும் கலந்திருப்பதுண்டு. ஸ்டீராய்டு இரண்டே நாளில் சிவப்பையும் அரிப்பையும் மறைத்துவிடும். நாமும் அம்மருந்தைப் புகழ்ந்து அடுத்த அறை நண்பருக்கும் சிபாரிசு செய்கிறோம். உண்மையில் நிகழ்வதோ வேறு. பூசணத்தை எதிர்த்துத் தோல் நடத்தும் போராட்டமே அச்சிவப்பு. ஸ்டீராய்டு அப்போராட்டத்தை அடக்கிவிடுவதால் பூசணம் தடையின்றிப் பரவுகிறது; வட்டத்தின் வடிவமும் குலைந்து, மருத்துவரும் எளிதில் அடையாளம் காண இயலாதபடி ஆகிவிடுகிறது. நாட்பட இட்டால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் நிரந்தரமான வரித்தழும்புகள் தோன்றும். இத்தீமைகளைக் கருதியே 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. விதி காகிதத்தில் இருந்தால் போதாது. வாங்குகின்ற நாமும் குழாயின் மீதுள்ள பெயர்களைப் படித்தறிதல் வேண்டும். முன்னரே நெடுநாள் அத்தகைய களிம்பை இட்டு வந்தவர்கள், நிறுத்தியவுடன் நோய் சீறி எழக்கூடுமாதலால், தோல் மருத்துவரின் மேற்பார்வையில் அதனை விடுதலே நன்று.

பாதி மருந்தின் விளைவு ஒருவரோடு நிற்பதில்லை. 2020-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், அந்நாட்டில் சிகிச்சை பெற்ற ஓர் இந்தியரிடமிருந்தும் ஒரு நேபாளியரிடமிருந்தும் பிரித்தெடுத்த பூசணத்தை ஆராய்ந்து, அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயரைத் தாங்கிய இவ்வகைப் பூசணம் பல வேளைகளில் டெர்பினஃபைனுக்கு அடங்குவதில்லை. இது இந்தியாவில் பெரிதும் பரவி, வேறு பல நாடுகளிலும் காணப்படுகிறது. முன்பு சில வாரத்தில் தீர்ந்த படை இன்று சில மாதங்கள் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பரந்த படைக்கும், திரும்பத் திரும்ப வரும் படைக்கும் களிம்பு மட்டும் போதாது. செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்பெருக்கியால் நோக்கும் எளிய சோதனையைச் செய்து, மருத்துவர் தக்க மாத்திரையைத் தெரிந்தெடுப்பார்.

இனித் தலையைப் பற்றிக் கூறுவோம். பொடுகு எல்லார்க்கும் தெரிந்தது. தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகை பொடுகில் பங்கு கொள்கிறது. கீட்டோகொனசோல் கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் அது பெரும்பாலும் கட்டுப்படும். மீண்டும் வருவதும் அதன் இயல்பு. முதுகிலும் மார்பிலும் தேமலை உண்டாக்குவதும் மலசீசியாவே. மருந்தால் பூசணம் ஒழிந்த பின்னரும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதைக் கண்டு மருந்து பலிக்கவில்லையென்று மயங்குதல் கூடாது.

குழந்தைகளின் தலையில் வரும் படையோ முற்றிலும் வேறானது. மயிர் திட்டுத்திட்டாக ஒடிந்து, செதிலுதிர்ந்து, சில வேளைகளில் சீழ்கோத்த மெத்தைபோல் வீங்கும். அதனைச் சாதாரணக் கட்டியென்று கருதிக் கீறிவிடுதல் தவறு. இங்கே பூசணம் மயிரின் வேருக்குள் குடிபுகுந்திருப்பதால் மேற்பூச்சு அங்கே சென்று எட்டாது. வாய்வழி மருந்து இன்றியமையாதது. ஷாம்பு பிறருக்குத் தொற்றுவதைக் குறைக்குமேயன்றித் தனியே நோயைத் தீர்க்காது. நல்ல மாத்திரை கிடைக்காத காலத்தில் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிக் குழந்தைகளின் மயிரை உதிரச் செய்தனர். அவர்களுள் சிலருக்குப் பிற்காலத்தில் கட்டிகள் தோன்றின. 1939-இல் இலண்டனில் ஒருவகைப் பூசணத்திலிருந்தே க்ரிசியோஃபல்வின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 1958-இல் கிளாஸ்கோ நகரில் ஜென்டில்ஸ் என்பார், அதனை வாய்வழி கொடுத்துச் சீமைப்பெருச்சாளிகளின் படையைக் குணமாக்கிக் காட்டினார். முள்ளை முள்ளால் எடுத்த கதை இது. இம்மருந்தைக் கொழுப்புச் சேர்ந்த உணவோடு ஆறு முதல் எட்டு வாரம் வரை கொடுப்பர். சில வகைப் பூசணத்துக்கு டெர்பினஃபைனும் ஏற்றது.

மாத்திரைகளை நாமே வாங்கி விழுங்கத் துணிதல் ஆகாது. டெர்பினஃபைன் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடும். இதயம் தளர்ந்தவர்க்கு இட்ராகொனசோல் ஏற்றதன்று. அமிலத்தைத் தணிக்கும் மருந்துகளோடு உண்டால் அதன் மாத்திரையுறை உடலிற் சரியாகச் சேராது. சில கொலஸ்டெரால் மருந்துகளோடும் அது பகைக்கும். கருவுற்றவர்கள் க்ரிசியோஃபல்வினைத் தவிர்க்க வேண்டும். ஆகவே நாம் உண்டுவரும் பிற மருந்துகளின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுதல் நலம். அவர் மொழி நமக்குத் தெரியாவிடினும் மருந்தின் பெயர் எம்மொழியிலும் ஒன்றே.

முடிவாக, ஒரே அறையில் நால்வரும் ஐவருமாகத் தங்கி உழைக்கும் நம்மவர்க்கு ஒரு சொல். ஒரு துண்டை இருவர் பயன்படுத்துதல், காயாத பனியனை மீண்டும் அணிதல், பிறர் சீப்பால் தலைவாருதல் ஆகியவையே பூசணம் ஏறிவரும் படிகள். நோயுற்றவரின் உள்ளாடை, துண்டு, படுக்கைவிரிப்பு ஆகியவற்றை வெந்நீரில் தனியே துவைத்து வெயிலில் உலர்த்துக. குளித்தபின் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க. அறையில் எவர்க்கேனும் படை இருப்பின் அவர்கள் அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெறுக. ஒருவர் மட்டும் குணமடைந்தால் அடுத்தவரிடமிருந்து அது திரும்பி வரும். நாணத்தால் நோயை மறைப்பவருக்கு அது இரட்டிப்பாகும். இது ஒழுக்கக்கேட்டால் வருவதன்று. வியர்வையும் நெருக்கமும் உள்ள இடத்தில் எவர்க்கும் வரக்கூடியது. கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் காட்டுவோம். காட்டியபின் அவர் சொன்ன கடைசி நாள்வரை மருந்தை இடுவோம்.