சுவாமியைப் பகிடி பண்ணலாமோ?



சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பிலே காளமேகப் புலவரின் தனிப்பாடல்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாட்டின் மேற்பொருளைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்று, "சேர், சுவாமியை இப்பிடிப் பகிடி பண்ணினால் பாவமில்லையோ?" என்று கேட்டான்.

சோதனைக்குரிய விடை என்னிடம் இருந்தது. "தம்பி, இது வஞ்சப் புகழ்ச்சி, இகழ்வது போலப் புகழ்தல்" என்று சொன்னேன். அவன் அமர்ந்துவிட்டான். ஆனால் அவன் கேட்டது அணியிலக்கணம் அன்று என்பதை நான் பின்னரே அறிந்தேன். அந்தக் கேள்வியையே இன்றைய இலக்கிய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கின்றேன்.

கடவுளையும் சமய நம்பிக்கையையும் பற்றி எழுந்த நூல்களை இரு கூறாகப் பிரித்துப் பார்ப்பது நமது வழக்கம். பக்தியோடும் தத்துவ ஆராய்ச்சியோடும் எழுதப்பட்டவை ஒருபுறம். நகைச்சுவையாக எழுதப்பட்டவை மறுபுறம். முன்னவற்றைப் பூசை அறையிலும் பின்னவற்றைச் சாய்மனைக் கதிரையிலும் வைத்து வாசிக்கின்றோம். முன்னவை ஆழமானவை, பின்னவை பொழுதுபோக்கு என்று எண்ணியும் விடுகின்றோம். இந்தப் பிரிவு அத்துணை சரியானதன்று. இரு வகை நூல்களுள்ளும் சிறந்தவை ஒரே கேள்வியின் முன்னேதான் நிற்கின்றன. நல்லவன் ஏன் துன்பப்படுகிறான்? கடவுள் இருந்தால் அவர் எங்கே நிற்கிறார்?

முதலில் காளமேகத்தையே பார்ப்போம். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று கருதப்படும் இவர், வைணவராயிருந்து சைவரானவர் என்றும், திருவானைக்காவில் புலமை பெற்றவர் என்றும் வரலாறு கூறும். இவருடைய நிந்தாஸ்துதிகள் எவ்வாறு இயங்குகின்றன? சிவபெருமானைப் பற்றிப் புராணங்கள் சொல்லும் செய்திகளை அவர் பக்கத்து வீட்டுச் செய்திகள் போலப் பார்க்கிறார். ஓட்டை ஏந்திப் பிச்சை எடுக்கிறார், ஏறுவதற்கு மாடு, உடுப்பதற்குத் தோல், குடியிருப்போ சுடுகாடு, போதாக்குறைக்கு நஞ்சையும் உண்டவர். நம் அயலில் ஒருவர் இவ்வாறு வாழ்ந்தால் நாம் என்ன சொல்வோம்? அதைத்தான் புலவர் சொல்கிறார்.

ஆனால், அந்த நஞ்சு தேவர்களைக் காப்பதற்காக உண்ணப்பட்டது என்பதை அறிந்தவனுக்கு வசை வாழ்த்தாகிவிடுகிறது. அறியாதவனுக்கு அது வெறும் வசையாகவே நின்றுவிடும். ஆகவே, புராணம் தெரிந்தவனும் அந்தத் தெய்வத்தின்மேல் உரிமை உள்ளவனுமே இந்தப் பகிடியை முழுமையாகச் சுவைக்க முடியும். அந்நியன் ஒருவனைப் பார்த்து நாம் இப்படிப் பகிடி விடுவதில்லை. மைத்துனனைத்தான் விடுகிறோம்.

இந்த உரிமைக்குக் காளமேகம் முன்னோடி அல்லர். தேவார ஆசிரியர் மூவருள் ஒருவரான சுந்தரமூர்த்தி நாயனாரைத் 'தம்பிரான் தோழர்' என்று அழைப்பர். நமது மன்னார்ப் பகுதியிலுள்ள திருக்கேதீச்சரத்தையும் பாடியவர் அவர். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சபதத்தை மீறியதனால் அவர் இரு கண்பார்வையையும் இழந்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. திருவெண்பாக்கத்தில் இறைவன் பார்வை கொடுக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றையே கொடுத்தார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூருக்கு வந்தபோதும் மறுகண் இருளாகவே இருந்தது. அங்கே அவர் பாடிய பதிகத்தை வாசிப்பவர்கள் திகைத்துப்போவார்கள். அடியார் படும் துன்பத்தைப் பார்த்துக்கொண்டு நீர் மட்டும் சுகமாக இருக்கிறீரே என்ற கோபம் அதில் வெளிப்படையாகவே ஒலிக்கிறது. அந்தக் கோபத்தை நம் முன்னோர் மறைக்கவில்லை. திருமுறையிலேயே சேர்த்து, கோயிலிலே ஓதவும் வைத்தார்கள். இறைவனோடு சண்டையிடுவதும் வழிபாட்டின் ஒரு முறை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதையே இது காட்டுகிறது.

இனி நமது காலத்துக்குச் சற்று அண்மையில் வருவோம். 1943ஆம் ஆண்டு 'கலைமகள்' இதழில் புதுமைப்பித்தன் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். சென்னைப் பட்டினத்துத் தெருமுனையிலே, ட்றாம் வண்டிக்குச் சில்லறை கொடுப்பதா, நடந்தே போவதா என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு வைத்தியப் பத்திரிகைக்காரரிடம் கடவுள் வந்து வழி கேட்கிறார். இருவரும் கோப்பி குடிக்கிறார்கள். கடவுள் பிள்ளையின் வீட்டுக்கே வந்து தங்குகிறார். பிழைப்புக்கு வழி தேடி, கலையை வளர்க்கும் பெரிய மனிதர் ஒருவரின் முன்னே ஆடியும் காட்டுகிறார். ஆடவல்லானே நேரில் வந்து புலித்தோலோடும் உயிருள்ள பாம்போடும் ஆட, அது கலையே அன்று என்று விரட்டிவிடுகிறார்கள்.

இதை வாசிக்கும்போது நாம் கடவுளைப் பார்த்தா சிரிக்கிறோம்? சற்று நிதானித்தால் விளங்கும். நடராஜர் சிலையைக் கும்பிட்டுக்கொண்டு, அவரே வாசலில் வந்து நின்றால் அடையாளம் காணத் தெரியாத நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். அந்த வீட்டிலே வந்தவரோடு எந்தக் கணக்கும் பாராமல் ஒட்டிக்கொள்பவள் பிள்ளையின் சின்னஞ்சிறு மகள் ஒருத்தியே. தாத்தா என்று அழைத்து அவள் அவரோடு விளையாடுகிறாள். பக்தி என்றால் என்ன என்பதற்கு அந்தக் குழந்தையைவிட நல்ல விளக்கம் அக்கதையில் வேறில்லை.

தமிழுக்கு வெளியேயும் இந்த உண்மையைக் காணலாம். 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி காலையிலே போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அன்று கத்தோலிக்கர்களின் சகல புனிதர் திருநாள். மக்கள் தேவாலயங்களிலே பூசையில் இருந்தார்கள். கூரைகள் அவர்கள்மேல் இடிந்து விழுந்தன. கடல் பொங்கி நகருக்குள் வந்தது. எஞ்சியதைத் தீ எரித்தது. அதற்குமுன் 1710இல், ஜேர்மன் தத்துவஞானி லைப்னிற்ஸ் தமது நூலொன்றிலே, கடவுள் படைத்திருக்கக்கூடிய உலகங்கள் எல்லாவற்றுள்ளும் இதுவே மிகச் சிறந்தது என்று வாதிட்டிருந்தார். லிஸ்பனின் இடிபாடுகளைப் பார்த்த பின் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேயரால் அந்த வாதத்தைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. 1759இல் 'கான்டீட்' என்ற நகைச்சுவைக் கதையை அவர் வெளியிட்டார். அதிலே பாங்லொஸ் என்ற ஆசிரியர், எந்த அழிவு வந்தாலும் எல்லாம் நன்மைக்கே என்று விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பார். பூகம்பம் மீண்டும் வராமல் தடுப்பதற்கென்று அந்நாட்டு அறிஞர்கள் சிலரைத் தண்டிக்கிறார்கள்; பாங்லொஸ் தூக்கிலிடப்படுகிறார். தண்டனை நிறைவேறிய அதே நாளிலேயே நிலம் மறுபடியும் குலுங்குகிறது.

வோல்டேயரை நாத்திகர் என்று எண்ணுவோர் பலர். அது தவறு. தாம் வாழ்ந்த பெர்னி என்ற ஊரிலே 1761இல் தேவாலயம் ஒன்றைக் கட்டி, அதைக் கடவுளுக்காக வோல்டேயர் எழுப்பினார் என்று கல்லிலே பொறித்தவர் அவர். அவர் சிரித்தது கடவுளைப் பார்த்தன்று. பிணங்களின் நடுவே நின்று கொண்டு கடவுளின் சார்பிலே கணக்கு விளக்கம் சொல்பவர்களைப் பார்த்தே சிரித்தார்.

இப்போது தீவிரமான நூல்களை எடுத்துக்கொள்வோம். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே யோபுவின் நூல் இருக்கிறது. நேர்மையாக வாழ்ந்த யோபு பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல் நலத்தையும் இழக்கிறான். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அவனுக்குப் போதிக்கிறார்கள். யோபு மறுக்கிறான். தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். கடவுளையே வழக்காட அழைக்கிறான். முடிவில் கடவுள் பேசுகிறார். ஏன் துன்பம் என்பதற்கு அவர் நேர்விடை கூறுவதில்லை. ஆனால் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுவே என்று சொல்லி, தமக்காக வாதாடிய நண்பர்களையே கடிந்துகொள்கிறார். திருவாரூரிலே சுந்தரர் நின்ற நிலையும் இதுவேயன்றோ!

ருஷ்ய நாவலாசிரியர் தொஸ்தோயெவ்ஸ்கி ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். 1878இல் அவருடைய மூன்று வயதும் நிரம்பாத மகன் அலியோஷா இறந்துபோனான். 1880இல் நிறைவுற்ற 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலிலே இவான் என்ற பாத்திரம், குற்றமற்ற ஒரு குழந்தையின் கண்ணீரின்மேல் எழுப்பப்படும் சொர்க்கம் தனக்கு வேண்டாம் என்கிறது. கடவுளுக்கு எதிராக எழுந்த வாதங்களுள் இதைவிட வலிமையானது அரிது. அதை எழுதியவர் ஒரு பக்தர் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். எதிராளியின் வாதத்தை அவர் குறைத்துக் காட்டவில்லை. இவானின் தம்பிக்கு இறந்துபோன தம் மகனின் பெயரையே வைத்து, அந்த இளைஞனின் அன்பு நிறைந்த வாழ்வையே விடையாக எழுதினார்.

அப்படியாயின் எந்தச் சிரிப்பும் நல்லதுதானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே மிசனரிமார் சைவக் கோயில்களையும் புராணங்களையும் ஏளனம் செய்து துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார்கள். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய காரணத்தால் அந்நூலை நன்கு கற்றிருந்த ஆறுமுக நாவலர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதி அதே விவிலியத்தைக் கொண்டே அவர்களுக்கு மறுமொழி கொடுத்தார். தற்காப்புக்கு அது அன்று தேவைப்பட்டது. நாவலரின் தமிழும் தர்க்கமும் இன்றும் கற்கத்தக்கவை. ஆயினும், அயலவனின் சுவாமியைச் சிறுமைப்படுத்தத் தொடங்கிய அந்தப் பிரசுரங்கள் யாரையும் கடவுளுக்கு அருகே கொண்டு சென்றதாக நான் எண்ணவில்லை. காளமேகம் தன் வீட்டுக்குள் நின்று சிரித்தவர். இவர்கள் அடுத்த வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நகைச்சுவை நூலை எடுக்கும்போது, இதை எழுதியவர் எங்கே நின்று சிரிக்கிறார் என்று பார்த்தால் போதும். அதன் தரம் விளங்கிவிடும்.

அந்த மாணவனின் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். 2004 டிசெம்பர் 26, ஒரு பூரணைதினம், நத்தாருக்கு மறுநாள். அன்று எழுந்த ஆழிப்பேரலை நமது நாட்டில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கோயிலுக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. இந்த மாணவன் வடமராட்சி கிழக்குக் கரையிலே தாயை அன்று இழந்து, அம்மம்மாவின் கையில் வளர்ந்தவன் என்பதை வகுப்பு முடிந்தபின் அவனே சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, "அம்மம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் முருகனுக்கு வாயில வந்தபடி ஏசிப்போட்டுத்தான் விளக்குக் கொளுத்துறவா, சேர். அது பாவமோ எண்டுதான் கேட்டனான்" என்றான்.

எனக்கு உடனே பேச வரவில்லை. பிறகு சுந்தரரின் திருவாரூர்க் கதையை, பாடத்திட்டத்தில் இல்லாத போதும், அவனுக்கு முழுவதும் சொன்னேன். அவருடைய ஏச்சையெல்லாம் நாம் இன்றும் கோயிலிலே தேவாரமாகப் பாடுகிறோம் என்றும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அவருக்கு மற்றக் கண்ணும் தெரிஞ்சதோ சேர்?" என்று கேட்டான். "தெரிஞ்சது தம்பி" என்றேன்.

வீட்டிலே போய் அதை அம்மம்மாவுக்குச் சொன்னானோ என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருப்பான் என்றே நினைக்கிறேன்.