மேகமலையில் சிக்னல் தடுமாறுவது ஏன்? விற்காமல் கிடந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையின் கதை

சின்னமனூரில் தடையில்லாமல் ஓடும் வீடியோ, மேகமலைக்கு ஏறும் வளைவுகளில் சுற்றத் தொடங்கிவிடும். 'டவர் கிடைக்கல' என்று சொல்லிவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிடுவோம். ஆனால், டவர் எங்கே இருக்கிறது என்பது மட்டுமல்ல, அது எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதும் முக்கியம். அந்த அலைவரிசைக்கு அரசு வைத்த விலைக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அலைவரிசையில் என்ன வித்தியாசம்?

5ஜி சேவைக்கு அதிகம் பயன்படுவது 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் எட்டும் தூரம் குறைவு. 700 மெகாஹெர்ட்ஸ் இதற்கு நேர் எதிர். வேகம் குறைவுதான். ஆனால் ஒரே டவரிலிருந்து வெகுதூரம் போகும், சுவரையும் மரங்களையும் ஓரளவு தாண்டும். கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகள், மலைக்கிராமங்கள் போன்ற இடங்களுக்கு இது பொருத்தமானது.

ஏலத்தில் என்ன நடந்தது?

2ஜி வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அதன்பிறகு செல்போன் அலைக்கற்றை ஏலத்தில்தான் விற்கப்படுகிறது. 700 மெகாஹெர்ட்ஸுக்கு, நாடு முழுமைக்கும், ஒரு மெகாஹெர்ட்ஸின் அடிப்படை விலை இப்படி இறங்கியது:

• 2016: ரூ.11,485 கோடி. ஒருவர்கூட கேட்கவில்லை.
• 2021: ரூ.6,568 கோடி. அப்போதும் விற்கவில்லை.
• 2022: ரூ.3,927 கோடி. ஜியோ மட்டும் 22 வட்டங்களிலும் தலா 10 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது.

முதல் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிய பிறகுதான் விற்பனையே நடந்தது.

இதில் நமக்கு என்ன நஷ்டம்?

போடிக்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் அது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால், சரக்கை வைத்திருந்து அடுத்த ஏலத்தில் பார்த்துக்கலாம். அலைக்கற்றையில் அது நடக்காது. சும்மா கிடந்த ஒரு வருடத்தை அடுத்த வருடம் சேர்த்து விற்க முடியாது. 2016 முதல் 2022 வரை அரசுக்கு அதில் ஒரு ரூபாய் வரவில்லை. மலையில் இருப்பவர்களுக்கு சேவையும் வரவில்லை.

விலையை அடிமாட்டு விலைக்குக் குறைக்கவும் முடியாது. அது பொதுச்சொத்து. இரண்டுக்கும் நடுவில் சரியான விலையைக் கண்டுபிடிப்பதுதான் டிராய்க்கும் மத்திய அரசுக்கும் உள்ள சவால்.

இப்போது நிலைமை என்ன?

2023 ஜூனில் ரூ.89,047 கோடி மதிப்பிலான திட்டத்தில் பிஎஸ்என்எல்லுக்கு 700 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைக்கற்றை ஏலமின்றி ஒதுக்கப்பட்டது. செல்போன் சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டு செல்ல, ரூ.26,316 கோடி திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஆனாலும் அலைக்கற்றை கையில் இருந்தால் மட்டும் போதாது. மலையில் டவர் நிற்க மின்சாரம் வேண்டும், பராமரிக்கப் பாதை வேண்டும், வனப்பகுதி என்றால் அனுமதியும் வேண்டும். குறுக்கே ஒரு முழு மலை நின்றால் 700 மெகாஹெர்ட்ஸும் தடுமாறும்.

போன் வாங்கும்போது கவனிக்க

700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி கிடைக்க, உங்கள் போனில் 'என்28' பேண்ட் இருக்க வேண்டும். போன் விவரப் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்த ஏலம் முடிந்ததும் 'அரசுக்கு எத்தனை கோடி வருமானம்' என்பதுதான் தலைப்புச் செய்தியாகும். கூடவே, எவ்வளவு அலைக்கற்றை விற்காமல் கிடக்கிறது என்பதையும் பாருங்கள். மலைக்கு சிக்னல் வருமா என்பதற்கான பதில் அந்த எண்ணிக்கையிலும் இருக்கிறது.