கல்நார்த் தூசும் காலங்கடந்து தோன்றும் புற்றுநோயும்

கல்நார் என்பது மெல்லிய இழைகளாகப் பிரியும் இயல்புடைய கனிப்பொருள். அது தீயில் எரிவதில்லை; வெப்பத்தை எளிதில் கடத்துவதுமில்லை. ஆதலின் சிமெண்டுடன் கலந்து கூரைத் தகடுகளும் குழாய்களும் செய்யவும், கொதிகலன்களைப் போர்த்தவும் அது பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. தகடு முழுமையாக இருக்கும்வரை இழைகள் பெரும்பாலும் சிமெண்டினுள் கட்டுண்டு கிடக்கும். அதனை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத இழைகள் காற்றில் கலக்கின்றன.

மூச்சுடன் உட்செல்லும் இழைகளில் ஒரு பகுதி நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகிறது. இதனால் நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகலாம்; நுரையீரலில் புற்றுநோய் தோன்றலாம். நுரையீரலைப் போர்த்துள்ள சவ்விலோ, வயிற்றின் உட்புறச் சவ்விலோ தோன்றும் புற்றுநோய் மெசோதீலியோமா எனப்படும். புகைபிடிக்கும் பழக்கமும் சேருமாயின் நுரையீரற் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகும்.

தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய சகாக்கள் இருவரும் மெசோதீலியோமா கண்ட 33 பேரை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். ஏறக்குறைய அனைவருக்கும் நீலக் கல்நாருடன் தொடர்பு இருந்திருக்கக் கூடுமென அறியப்பட்டது. அவர்களுள் சுரங்கத்தில் வேலை செய்யாது, அதன் அருகில் வசித்தவர்களும் இருந்தனர். தொடர்பு ஏற்பட்ட காலத்திற்கும் நோய் வெளிப்படும் காலத்திற்கும் இடையே வழக்கமாக 20 முதல் 50 ஆண்டுகள் கழிகின்றன. நோயாளி தம் பழைய வேலையையே மறந்திருத்தல் கூடும்.

மெசோதீலியோமாவின் அறிகுறிகளாவன: வரவர அதிகரிக்கும் மூச்சுத்திணறல், மார்பில் ஒருபுறம் நீங்காத வலி, மார்பினுள் நீர் சேர்தல், வறட்டு இருமல், களைப்பு, உடல் மெலிவு. வயிற்றுச் சவ்வில் தோன்றினால் வயிறு வீங்கி வலிக்கும். இருமலில் இரத்தம் காணுதல் நுரையீரற் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். இவற்றுட் பல காசநோயிலும் காணப்படுவதால் நோயை மாறாக எண்ணிவிட இடமுண்டு. காசநோய்க்கு மருந்துண்டும் குணமாகாதவரைத் தாமதமின்றி மீண்டும் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

எனவே களப்பணியாளர்கள், "இப்பொழுது என்ன வேலை?" என்பதோடு நில்லாமல், இளமைமுதல் செய்த வேலைகள் அனைத்தையும் கேட்டு நோய்ச்சீட்டில் எழுதுவார்களாக. தூசு படிந்த ஆடையை வீட்டில் துவைத்தவர்களையும் விசாரித்தல் நலம். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளை, வேலையிற் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகளோ, வேலையினின்று நீங்கிய பின் 15 ஆண்டுகளோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்து வைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் பணித்ததன் காரணமும் இந்நீண்ட இடைவெளியே.

பள்ளிகளில் கல்நார்த் தகட்டுக் கூரை இருப்பின், ஆசிரியர்கள் அதில் துளையிடவோ, அதனைச் சுரண்டவோ அனுமதித்தல் ஆகாது. உடைந்த துண்டுகளின் அருகே மாணவரை விளையாட விடலாகாது. அவற்றை நீர் தெளித்து நனைத்த பின்னரே, பழகிய ஆட்களைக்கொண்டு அகற்றவேண்டும். உலர்ந்த தூசைத் துடைப்பத்தால் பெருக்குதல் கூடாது. இன்று தடுக்கப்படும் தூசின் பயன், இன்றைய மாணவர்கள் முதுமையெய்தும் காலத்தில் தெரியவரும்.