மலையோடை அயிரையும் கண்ணாடித் தொட்டியும்

அயிரை என்னும் பெயர் கேட்டார்க்கு மணலிற் புதையும் சிறுமீனே நினைவில் எழும். அதற்கு உறவான மலையோடை மீன்களோ பாறையைப் பற்றி வாழ்வன. மத்திய வியட்நாமின் ஓடைகளில் வாழும் 'செவெல்லியா லீனியோலாற்றா' அத்தகையது. இதன் தோட்செட்டைகளும் வயிற்றுச்செட்டைகளும் விரிந்து உடலைச் சூழ்தலால், வயிறு பாறையோடு ஒட்டிக்கொள்கின்றது. விரைந்தோடும் நீரும் அதனைப் பெயர்ப்பதில்லை.

வளர்ப்போர் பலர் இதனைக் கண்ணாடி துலக்கும் ஏவலாளாகக் கருதி, நேற்று அமைத்த தொட்டியில் விடுகின்றனர். கேடு ஆங்கே தொடங்குகின்றது. கல்மேற் படியும் மென்பாசியும் அதனிடை வாழும் நுண்ணுயிர்களுமே இதன் உணவு. அப்படிவு உண்டாக வாரங்கள் பல செல்லும். துப்புரவான புதுத்தொட்டியில் இம்மீன் பட்டினியால் மெல்ல மடியும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் வயிறு குழிந்திருத்தலே முதல் அறிகுறி.

வெப்பமும் பகையே. 20 பாகை சதமவளவையில் ஓர் இலீற்றர் நீரிற் கரையக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 9 மில்லிகிராம். 30 பாகையில் 7.5 மட்டுமே. ஆதலின் தாழ்நிலத்து வீடுகளில் நிழலான இடமும், நீரை ஒரு திசையில் ஓட்டி மேற்பரப்பைக் கலக்கும் பம்பியும் இன்றியமையாதன.

வெயிலில் வைத்த வாளியிற் கூழாங்கற்களைப் பாசி பிடிக்கவிட்டு, அவற்றை முறைமாற்றித் தொட்டியில் இடுதல் கடைத்தீனியினும் இதற்கு உகந்தது.