பொதுவாகும் துணைச்செயல்கள்: சகானா மென்பொருளை முன்வைத்துச் சில குறிப்புகள்

அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையில், மட்டக்களப்பு மாவட்டத்தைத் தொட்டுக் கிடக்கும் கடலோரக் கிராமம் பெரியநீலாவணை. இதன் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் எல்லோரும் ஒரே விதமாக எழுதுவதில்லை. 'நீ' என்னும் நெடிலுக்கு ஒருவர் இரண்டு 'ஈ' இடுவார்; மற்றொருவர் ஓர் 'ஐ'யுடன் நிறுத்திக்கொள்வார். வகரத்துக்கு 'வீ' எழுதுவோரும் 'டபிள்யூ' எழுதுவோரும் உளர். பெயரை இரு சொல்லாகப் பிரிப்போரும் உளர். அயலிலுள்ள மருதமுனைக்கும் இதே கதிதான். சாதாரண காலங்களில் இது பெரிய காரியமன்று, தபாற்காரர் சரிசெய்துகொள்வார். ஆனால் கணினிக்கு எழுத்து வேறெனில் ஊரும் வேறு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மாவட்டங்களுள் மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறையே. காணாமற்போனோர், முகாம்களில் தங்கியோர், உதவி வேண்டுவோர், உதவி வழங்கும் நிறுவனங்கள் ஆகிய விபரங்களைத் திரட்டுவதற்காக, இலங்கையின் மென்பொருள் தொழிலாளர்கள் தன்னார்வமாகக் கூடிச் சில வாரங்களுள் எழுதிய இணையவழி மென்பொருளே சகானா. சிங்களத்தில் இச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனின் ஆதரவுடன் 2005இல் அது புதிதாக வடிவமைத்து எழுதப்பட்டது. அவசரத்தில் பலர் எழுதிய பகுதிகளை ஒரு சட்டகத்தின் கீழ்க் கொண்டுவருவதே அம்மறுவடிவமைப்பின் பிரதான பணிகளுள் ஒன்றாயிற்று. நமது கவனத்துக்குரியது இவ்விடமே.

இணைய மென்பொருட் சட்டகமொன்றில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு கூறு இருக்கும். ஒவ்வொரு கூறும் தனக்கு வேண்டிய சிறு வேலைகளைச் செய்யும் நிரற்றுண்டுகளைக் கொண்டிருக்கும்: திகதியை வாசிக்கத்தக்க முறையிற் காட்டுவது, படிவத்தில் ஒரு கட்டத்தை வரைவது, ஆங்கிலத் தலைப்புக்குத் தமிழ்த் தலைப்பை இடுவது முதலானவை. இவையே துணைச்செயல்கள். காணாமற்போனோர் கூறும் முகாம் கூறும் ஊர்ப்பெயரைத் தனித்தனியே கேட்டு எழுதுமாயின், பெரியநீலாவணையிலிருந்து காணாமற்போனதாகப் பதியப்பட்ட பிள்ளையும் பெரியநீலாவணையிலிருந்து வந்து முகாமொன்றிலே தங்கியிருக்கும் பிள்ளையும் ஒருவரே என்பதை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு என்னும் படிவரிசையிலிருந்து ஊரைத் தெரிவுசெய்யும் துணைச்செயலொன்றை எல்லாக் கூறுகளும் பொதுவிற் பயன்படுத்தும்போதே இரு பதிவுகளும் ஒன்றையொன்று சந்திக்க முடியும். நிரலாளர் இதனை உழைப்புச் சிக்கனமாகவே பெரும்பாலும் விளக்குவர். அது பாதி உண்மை. ஒரே வேலையை இருமுறை எழுதுவதன் தீங்கு வீணான உழைப்பு மட்டுமன்று. காலப்போக்கில் இரண்டும் வெவ்வேறாக விலகி, ஒரே பொருளைப் பற்றி முரண்பட்ட சாட்சியம் கூறுவதுமாகும்.

இலக்கிய மாணவர்களாகிய நாம் இத்துறையிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், முன்னைய உழைப்பு கருவியிற் படிந்து பின்னைய உழைப்புக்குத் துணையாவதை மார்க்ஸ் விளக்கிய முறையை, இங்கு போல் வெளிப்படையாகக் காணக்கூடிய இடங்கள் சிலவே. ஒரு கூறுக்காக ஒருவர் எழுதிய துண்டு பொதுக்கிடங்குக்குச் செல்லும்போது அவருடைய உழைப்பு சமூக உடைமையாகின்றது. சகானாவின் கட்டற்ற உரிமம் இதனைச் சட்டத்தாலும் உறுதிசெய்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதை சகானாவுக்கு வழங்கியமை தற்செயலன்று.

எனினும், எதனைப் பொதுவாக்குவது என்பது எளிய வினாவன்று. சகானா எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியில் அக்காலத்திற் பெயர்வெளி என்னும் வசதி இருக்கவில்லை. 2009இல் வெளியான 5.3ஆம் பதிப்பிலேயே அது வந்தது. எனவே செயல்களின் பெயர்களுக்கு முன்னொட்டு இட்டு, பெயர்கள் மோதாது காத்துக்கொண்டனர். 2004இல் வெளிவந்த ரூபி ஒன் ரெயில்ஸ் சட்டகம் ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் ஒரு துணைச்செயற் றொகுதியையும், அனைத்துக்கும் பொதுவான தொகுதியொன்றையும் வகுத்தது. பிந்திய பதிப்புகளிலோ எல்லாத் தொகுதிகளும் எல்லாத் தோற்றப் பக்கங்களுக்கும் இயல்பாகவே கிடைத்தன. கோப்புகள் தனித்தனியே இருப்பதால் எல்லை உண்டென நிரலாளர் எண்ணுவார். உண்மையில் எல்லை இல்லை. இரு தொகுதிகளில் ஒரே பெயருடைய செயல் இருப்பின் பின்னர் ஏற்றப்பட்டது முன்னையதை மறைத்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. இவ்வியல்பை நிறுத்திவைக்க அமைப்பொன்று உண்டு. ஆனால் பொதுவுடைமை பேசும் நாமே, பொதுவென்று குவிக்கப்பட்ட யாவும் பொதுவாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியுள்ளது. இரண்டு மூன்று கூறுகள் தம் நடைமுறையில் ஒன்றை நாடிய பின்னரே அதனைப் பொதுவாக்குதல் தகும் என்பது எமது கருத்து.

இதனினும் பாரதூரமானது பிறிதொன்று. துணைச்செயல் பொதுவாகும்போது அதனுள் உறைந்த கருதுகோளும் பொதுவாகின்றது. 'முதற்பெயர், குடும்பப்பெயர்' எனக் கேட்கும் படிவத்தை எடுத்துக்கொள்வோம். இக்கரையோரத் தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவர். முஸ்லிம்கள் பல முதலெழுத்துகளை வரிசையாக இடுவதுண்டு. தாயும் தந்தையும் பிள்ளையும் ஒரே குடும்பப்பெயர் தாங்குவது இங்கு பொதுவழக்கன்று. குடும்பப்பெயரைக்கொண்டு உறவினரைச் சேர்க்கும் துணைச்செயல் ஒரு கூறில் மட்டும் இருப்பின் அந்தக் கூறே பிழைக்கும். பொதுவிடத்தில் இருப்பின், கடல் பிரித்த குடும்பத்தை ஒவ்வொரு கூறும் தன் பங்குக்கு மீண்டும் பிரிக்கும். மறுபுறத்தில், அவ்வொரு துண்டைத் திருத்தினால் எல்லா இடமும் திருந்தும் என்பதும் உண்மையே. ஆகவே, திருத்தும் உரிமை எவர் கையில் உள்ளது என்பதே வினா. உரிமப் பத்திரம் அதனை யாவருக்கும் வழங்குகின்றது. ஆங்கிலமும் நிரலும் கல்லாத முகாம்வாசிக்கு அவ்வுரிமை எட்டுவதில்லை.

2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும் சகானா பயன்பட்டது. பின்னர் பைதன் மொழியில், வெப்2பை சட்டகத்தின் மீது, 'ஈடன்' என்ற பெயரில் அது மீண்டும் எழுதப்பட்டு 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின் போது பணியில் இறங்கியது. பி.எச்.பி.யில் எழுதிய துணைச்செயல்கள் மொழி மாறியதால் உடன் செல்ல முடியவில்லை. அவை புதிதாக எழுதப்பட்டன. ஆள், இடம், நிறுவனம் என்னும் மூன்றும் எல்லாக் கூறுகளுக்கும் பொதுவாக நிற்கவேண்டும் என்ற பகுப்போ ஈடனிலும் தொடர்ந்தது.